நோய்சார் களங்கம்: பண்பாட்டிடைப் பண்புசார் ஆய்வில் தமிழ் இலக்கணக் கூறுகளின் பயன்

ஆய்வுச் சுருக்கம்

நோயுற்றோர் சமூகத்தில் எதிர்கொள்ளும் இழிவைப் பல்வேறு பண்பாடுகளில் ஒப்பிட்டு ஆராயும் முயற்சி கடந்த அரை நூற்றாண்டாக வளர்ந்து வருகிறது. இவ்வாய்வுகளுக்கான நேர்காணல்கள் மக்கள் மொழியில் நிகழ்கின்றன. பகுப்பாய்வோ பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பின் மீது அமைகிறது. தமிழில் நிகழும் நேர்காணல்களில் தன்வினை, பிறவினை வேறுபாடும், நாம், நாங்கள் என்னும் தன்மைப் பன்மை வேறுபாடும், ஒருமை, மதிப்புப் பன்மை வேறுபாடும், நோயைச் சுட்டும் தொடரமைப்பும் களங்க அனுபவத்தைப் பற்றிய சான்றுகளைத் தாங்கி நிற்கின்றன. மொழிபெயர்ப்பில் அவை மறைகின்றன. அச்சான்றுகளைப் பயன்கொள்ளும் முறையையும், அம்முறைக்குரிய வரம்புகளையும் தொழுநோயை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நோய்சார் களங்கம், பண்புசார் ஆய்வு, அகநோக்கு, தன்வினை, பிறவினை, தொழுநோய், மொழிபெயர்ப்பு.

1. முன்னுரை

‘ஊரை விட்டு ஒதுங்கினேன்’, ‘ஊரை விட்டு ஒதுக்கினார்கள்’ ஆகிய இரு தொடர்களையும் தமிழறிந்த எவரும் ஒன்றாகக் கொள்ளார். முன்னதில் செயலுக்கு உரியவர் நோயுற்றவரே. பின்னதில் செயலுக்கு உரியவர் பிறர். நோயுற்றவர் அதனை ஏற்றவர். ஆனால் இவ்விரு தொடர்களும் ஆங்கிலத்திற்குச் சென்று, அங்கே ‘தனிமைப்படல்’ என்னும் பொருளுடைய ஒரே குறியீட்டின்கீழ் அடங்கிவிட வாய்ப்புண்டு. அவ்வாறு அடங்கிய பிறகு அறிக்கையைப் படிப்பவர் அவ்விருவரையும் வேறுபடுத்தி அறிய இயலாது.

இது மொழிநுட்பச் சிக்கலோடு முடிந்துவிடுவதன்று. பிறர் இழிவாக நோக்குவர் என்னும் அச்சத்தால் தாமே ஒதுங்கியவருக்கு ஆறுதலும் துணையும் தேவைப்படுகின்றன. பிறரால் ஒதுக்கப்பட்டவருக்குச் சட்டப் பாதுகாப்பும் ஊராரிடையே விழிப்புணர்வும் தேவைப்படுகின்றன. தரவில் இவ்வேறுபாடு அழியுமாயின், அதனை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்படும் திட்டமும் உரியவரைச் சென்றடையாது. ஆகவே நோய்சார் களங்கத்தை ஆராய்வதில் தமிழ் இலக்கண அறிவுக்கு நேரடிப் பயன் உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. களங்கம் என்னும் கருத்தாக்கம்

களங்கம் குறித்த இன்றைய சமூகவியல் சிந்தனைக்கு எர்விங் காஃப்மன் 1963இல் வெளியிட்ட நூல் தொடக்கமாக அமைந்தது. அடிமைகள், குற்றவாளிகள், துரோகிகள் ஆகியோரை அடையாளம் காட்டுவதற்காக அவர்களின் உடலில் வெட்டியோ சுட்டோ இடப்பட்ட குறியைப் பண்டைய கிரேக்கர் ‘ஸ்டிக்மா’ என்றனர் என்பதை அவர் நினைவூட்டினார். உடற்குறை, ஒழுக்கக்குறை எனக் கருதப்படுவது, இனம், நாடு, சமயம் ஆகியவற்றால் வருவது எனக் களங்கத்தை மூவகைப்படுத்தினார். குறை வெளிப்படத் தெரிந்தோர், இன்னும் தெரியாமல் மறைத்து வாழ்வோர் என்னும் பகுப்பும் அவருடையதே.

புரூஸ் லிங்க், ஜோ ஃபெலான் ஆகியோர் 2001இல் இக்கருத்தாக்கத்தை விரிவுபடுத்தினர். பெயரிடுதல், தீய பண்புகளோடு இணைத்தல், ‘நாம்’ எனவும் ‘அவர்கள்’ எனவும் பிரித்தல், மதிப்பிழப்பும் பாகுபாடும் ஆகிய கூறுகள் ஒருங்கே நிகழ்வதையும், அவை அதிகார வேறுபாடுள்ள சூழலில் நிகழ்வதையும் களங்கம் என்றனர். இங்கிலாந்தில் காக்காய் வலிப்பு நோயாளரை ஆராய்ந்த கிரஹாம் ஸ்காம்ப்ளர், அந்தோணி ஹாப்கின்ஸ் ஆகியோர் 1986இல், உண்மையில் நிகழ்ந்த பாகுபாட்டையும், பாகுபாடு நிகழும் என்னும் அச்சத்தையும் நோயுற்றவர் தாமே உணரும் நாணத்தையும் வேறுபடுத்திக் காட்டினர். இக்கட்டுரை இவற்றை முறையே நிகழ்களங்கம், உணர்களங்கம் எனக் குறிக்கிறது.

தமிழில் இக்கருத்தாக்கத்தைச் சுட்டக் ‘களங்கம்’ என்னும் சொல் பெருவழக்காக உள்ளது. ‘வடு’ என்னும் சொல்லையும் எண்ணிப் பார்க்கலாம். தழும்பு, பழி ஆகிய இரு பொருளிலும் அச்சொல் திருக்குறளில் ஆளப்பட்டுள்ளது. உடற்குறியும் சமூகப் பழியும் ஒரு சொல்லில் இணைவது கிரேக்கச் சொல்லின் வரலாற்றோடு ஒத்துச் செல்கிறது. எனினும் களத்தில் இவ்விரு சொற்களும் அரிதாகவே கேட்கும். ‘கேவலமாகப் பார்க்கிறார்கள்’, ‘பேர் கெட்டுவிட்டது’, ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’, ‘வாசலோடு நிறுத்திப் பேசுகிறார்கள்’ என்பனவே மக்கள் வழக்கு. ஆய்வாளரின் கலைச்சொல்லும் தகவலாளியின் சொல்லும் வெவ்வேறானவை என்பதை ஏற்பதிலிருந்தே பண்புசார் ஆய்வு தொடங்குகிறது.

3. அகநோக்கும் புறநோக்கும்

பண்பாட்டிடை ஆய்வில் ‘எமிக்’, ‘எடிக்’ என வழங்கும் இணையை அகநோக்கு, புறநோக்கு எனலாம். மொழியியலாளர் கென்னத் பைக் 1954இல் இவ்விணையை உருவாக்கினார். ஒலியனியல், ஒலியியல் ஆகியவற்றுக்குரிய ஆங்கிலப் பெயர்களின் ஈறுகளிலிருந்து இவை பிறந்தன. ஆகவே இக்கருத்தைத் தமிழ் ஒலியமைப்பைக் கொண்டே எளிதில் விளக்கலாம். கடல், தங்கம், பகல் ஆகிய சொற்களில் ககரம் மூவகையாக ஒலிக்கிறது. ஒலியியல் பட்டியல் இடுபவர் மூன்று ஒலிகளைக் குறிப்பார். தமிழர்க்கு அவை ஓர் எழுத்தே. வெளியிலிருந்து காணும் வேறுபாடு அகத்தில் பொருள் வேறுபாடாக அமையாமல் போகலாம். வெளியில் ஒன்றாகத் தோன்றுவது அகத்தில் இரண்டாகவும் இருக்கலாம்.

மிட்செல் வைஸும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய விளக்க மாதிரி நேர்காணல் நிரல் இவ்வகநோக்கைக் களங்க ஆய்வுக்குக் கொண்டுவந்தது. பம்பாயில் தொழுநோயும் மனநலமும் குறித்து நிகழ்ந்த ஆய்வின் வழியாக 1992இல் வெளியான இந்நிரல், நோயுற்றவர் தம் நோய்க்குத் தாமே தரும் பெயர், காரணம், தேடிய சிகிச்சை, பிறர் நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றை அவர் சொல்லிலேயே கேட்டுப் பதிவுசெய்வது. அதே வேளையில் ஒப்பீட்டுக்கு உதவும் எண்மதிப்புகளையும் தருவது.

இம்முறையால் விளைந்த பயனுக்குப் பெங்களூரில் ரகுராம், வைஸ் முதலியோர் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வு சான்றாகும். மனச்சோர்வின் அறிகுறிகள் மிகுந்தவரிடம் களங்க உணர்வு மிகுந்தும், உடல்வலி முதலிய உடல்சார் அறிகுறிகள் மிகுந்தவரிடம் அது குறைந்தும் இருந்ததை அவ்வாய்வு கண்டது. உடல்வலி எவர்க்கும் வருவது. அதனை வெளியில் சொல்லலாம். மனத்துயரைச் சொன்னால் திருமணம் முதலியவற்றுக்கு இடையூறு நேரும் என மக்கள் கருதினர். ஒருவர் தம் துயரை எச்சொல்லால் வெளியிடுகிறார் என்பதே களங்கத்தோடு தொடர்புடையது என்பதை இது உணர்த்துகிறது.

4. ஒரே செயல், வேறு பொருள்

செயல்களைப் பட்டியலிட்டுக் களங்கத்தை அளப்பதில் உள்ள இடர்ப்பாட்டை அம்மை நோய் தெளிவாகக் காட்டும். அம்மை கண்டவரைத் தனி இடத்தில் கிடத்துவர். வாசலில் வேப்பிலை செருகுவர். வெளியார் வீட்டிற்குள் வருவதைத் தவிர்ப்பர். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை இது நீடிக்கும். ‘நோயுற்றவர் தனியே வைக்கப்பட்டாரா? அயலார் வருகையை நிறுத்தினரா?’ என்று மட்டும் கேட்கும் வினாநிரல் இதனைக் கடும் களங்கமாகப் பதிவுசெய்யும். ஆனால் ‘அம்மா வந்திருக்கிறாள்’ எனச் சொல்லும் வீட்டில் அத்தனிமை தெய்வத்தின் வருகைக்குரிய தூய்மையைக் காக்கும் ஒழுக்கமாகக் கருதப்படுகிறது. அங்கே களங்கம் தோன்றுமாயின், நோய் நீங்கிய பின் முகத்தில் எஞ்சும் தழும்பை முன்னிட்டுப் பெண்ணின் திருமணப் பேச்சில் தோன்றக்கூடும். அதனைக் கேட்கும் வினா நிரலில் இராவிடின் அது பதிவாகாது.

தனித் தட்டும் தனிக் குவளையும் இத்தகையனவே. தொற்றுக்கு அஞ்சி வைக்கும் தனிக் குவளையும், தேநீர்க் கடைகளில் சாதியின் பெயரால் வைக்கப்பட்ட இரட்டைக் குவளையும் பொருளால் ஒன்றல்ல. ஆயினும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த நோயாளர் ஒருவரிடம் ‘உங்களுக்குத் தனிக் குவளை வைத்தார்களா?’ என வினவினால், அவர் விடை எந்த இழிவைப் பற்றியது என்பதை மேலும் கேட்டே அறிதல் வேண்டும்.

நேபாளம், இந்தியா, பிரேசில் ஆகிய நாடுகளில் உருவாக்கப்பட்டு 2006இல் வெளியான சமூகப் பங்கேற்பு அளவுகோல் 18 வினாக்களைக் கொண்டது. நோயின்றி, மற்றெல்லா வகையிலும் தம்மை ஒத்தவரோடு தம்மை ஒப்பிட்டு விடை கூறுமாறு அது கேட்கிறது. இதனைத் தமிழில் ‘உங்களைப் போன்றவர்கள்’ எனப் பெயர்த்தால் மூன்று பொருள் தோன்ற இடமுண்டு: உங்களைப் போன்ற நோயாளர்; உங்கள் சாதியார்; உங்கள் வயதும் தொழிலும் ஒத்தவர். அளவுகோல் கருதுவது மூன்றாவதை. கேட்பவர் முதலிரண்டில் ஒன்றைக் கொண்டால் விடையின் அடிப்படையே மாறிவிடும்.

5. நோய்ப்பெயரின் வரலாறு

நோயின் பெயரும் நடுநிலையானதன்று. தொழுநோய், குட்டம், குஷ்டரோகம், பெருநோய், பெருவியாதி எனத் தமிழில் வழங்கும் பெயர்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வரலாறு உடையவை. நாலடியாரின் தீவினையச்சம் என்னும் அதிகாரம், முற்பிறப்பில் நண்டின் காலை ஒடித்துத் தின்ற வினையின் பயனாக விரல் அழுகும் தொழுநோய் வரும் என்கிறது. நோயை ஒழுக்கத்தோடு பிணைக்கும் பழைய சான்றுகளுள் இது ஒன்று. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் எபிரேய மொழியின் ‘சாராத்’ என்னும் சொல்லுக்குக் ‘குஷ்டரோகம்’ என்பது இடப்பட்டது. அவ்வெபிரேயச் சொல் ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றும் கறையையும் சுட்டுவது. இன்றைய மருத்துவம் கூறும் தொழுநோயோடு அது முற்றும் பொருந்தாது. இருப்பினும் சடங்குத் தீட்டு என்னும் கருத்து இப்பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நார்வே நாட்டின் அர்மாயர் ஹான்சன் இந்நோய்க்குரிய நுண்ணுயிரியை 1873இல் கண்டறிந்தார். கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக நலவாழ்வு அமைப்பு 1981இல் பரிந்துரைத்தது. நோய் குணமாகக்கூடியது என்பது நிலைபெற்ற பின்னரும் 1898ஆம் ஆண்டின் தொழுநோயர் சட்டம் இந்தியாவில் 2016 வரை முற்றாக நீக்கப்படவில்லை. திருமண முறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தொழுநோய் இருந்த நிலை 2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் மாறியது. ஆகவே முதிய தகவலாளி ஒருவர் ‘பெருவியாதி’ என்றும், மருத்துவப் பணியாளர் ‘தொழுநோய்’ என்றும், இளைஞர் ‘தேமல்’ என்றும் ஒரே நிலையைச் சுட்டும்போது, அவர்கள் வெவ்வேறு காலத்தின் அறிவையும் அச்சத்தையும் சுட்டுகின்றனர். எழுத்துப்பெயர்ப்பில் அனைத்தையும் ‘தொழுநோய்’ எனச் சீர்படுத்துவது தரவை இழப்பதாகும்.

6. இலக்கணம் தரும் சான்றுகள்

லிங்க், ஃபெலான் ஆகியோர் கூறிய கூறுகளுள் நான்கு தமிழ்த் தொடரமைப்பில் நேரடியாகப் புலப்படுகின்றன.

முதலாவது, பெயரிடுதல். ‘அவருக்குத் தொழுநோய் இருக்கிறது’ என்னும் நான்காம் வேற்றுமைத் தொடரில் நோய் ஒருவரிடம் வந்து தங்கியதாக நிற்கிறது. அது நீங்கவும் கூடும். ‘அவர் குஷ்டரோகி’ என்னும் பெயர்ப் பயனிலைத் தொடரில் நோயே அவராகிறது. குணமடைந்து பல்லாண்டு கடந்தவரைப் பின்னைய தொடரால் சுட்டுவதை ஆய்வாளர் தனித்துக் குறித்தல் வேண்டும்.

இரண்டாவது, பிரித்தல். முன்னிலையாரை உட்படுத்தும் ‘நாம்’, உட்படுத்தாத ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. நோயுற்றவரோடு உரையாடும் ஊரார் ‘நம்ம ஊர்’ என்கிறாரா, ‘எங்க ஊர்’ என்கிறாரா என்பது எல்லை எங்கே இடப்படுகிறது என்பதைக் காட்டும். நோயுற்றவர் நேர்காண்பவரிடம் ‘எங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது’ எனக் கூறும்போது அவ்வெல்லையில் ஆய்வாளரும் வெளியே நிற்கிறார்.

மூன்றாவது, மதிப்பிழப்பு. ‘அவர்’ எனத் தொடங்கிய ஒருவரின் வரலாறு, நோய் கண்ட பகுதிக்கு வந்ததும் ‘அவன்’ என்றோ ‘அது’ என்றோ மாறினால், அம்மாற்றம் மதிப்பிழப்பின் தடமாகலாம். ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘அவர்’, ‘அவன்’ இரண்டும் ஒரே சொல்லாகிவிடும்.

நான்காவது, பாகுபாடு. ஒதுங்கு, ஒதுக்கு, விலகு, விலக்கு ஆகிய தன்வினை, பிறவினை இணைகள் உணர்களங்கத்தையும் நிகழ்களங்கத்தையும் பிரித்துக் காட்டவல்லன. மேலும் பேச்சு வழக்கில் ‘ஒதுக்கி வச்சிட்டாங்க’ என எழுவாய் தோன்றாது கூறினும் வினைமுற்றின் விகுதி பலரைச் சுட்டி நிற்கிறது. எழுத்துப்பெயர்ப்பாளர் இதனை ‘ஒதுக்கப்பட்டேன்’ எனச் செயப்பாட்டுவினையாக்கும்போது அப்பலர் மறைகின்றனர். ‘யார் ஒதுக்கி வைத்தார்கள்?’ எனத் தொடர்ந்து கேட்கவேண்டிய வினாவும் அவர்களோடு மறைகிறது.

இச்சான்றுகளைத் தனித்தனியே அளவுகோலாகக் கொள்ளல் தவறாகும். ஒருமைச் சுட்டு உறவின் நெருக்கத்தாலும், வயதாலும், சாதியாலும் வரும். ‘நானே ஒதுங்கிக்கொண்டேன்’ என்பது உண்மையில் தாமே ஒதுங்கியதையும் குறிக்கலாம். பிறர் ஒதுக்கியதை மானம் காக்கும் பொருட்டுத் தம் முடிவாகச் சொல்வதாகவும் இருக்கலாம். ஆகவே ஒரு வடிவம் எத்தனை முறை வந்தது என எண்ணுவதைக் காட்டிலும், ஒரே தகவலாளியின் பேச்சில் அது எந்த இடத்தில் மாறுகிறது என நோக்குவதே பயன்தரும்.

வெட்கம், கூச்சம், அவமானம் ஆகியவற்றையும் இவ்வாறே நோக்கலாம். ‘எனக்கு வெட்கமாக இருந்தது’ என்பதில் உணர்வு மட்டுமே உண்டு. ‘அவமானப்படுத்தினார்கள்’ என்பதில் செய்தவர் உளர். ‘கூச்சம்’ உடல் காட்டத் தயங்குவதையும் சுட்டும். வினாநிரலின் ஒற்றை ஆங்கிலச் சொல்லுக்கு இவற்றுள் எதனை இடுவது என்பது ஆய்வின் முடிவையே மாற்றும்.

7. நடைமுறைக்குரிய நெறிகள்

ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் முறைப்படுத்திய மீள்மொழிபெயர்ப்பு இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஆங்கில வினாவைத் தமிழாக்கி, வேறொருவரால் மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிடும் முறை இது. பிழைகளைக் கண்டறிய இது உதவும். ஆனால் ஆங்கிலச் சொல்லை ‘வெட்கம்’ எனப் பெயர்த்து, ‘வெட்கம்’ என்பதை அதே ஆங்கிலச் சொல்லாக மீட்டால் ஒப்பீடு வெற்றிபெற்றுவிடும்; தகவலாளி அச்சொல்லை மணப்பெண்ணின் நாணமாகக் கொண்டாரா, இழிவாகக் கொண்டாரா என்பது அதனால் தெரியவராது. எனவே வினாவைக் கேட்ட பின், ‘இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?’ எனச் சிலரிடம் முன்னதாக உசாவி அறிதல் இன்றியமையாதது.

அதனோடு மூன்று நெறிகளைப் பின்பற்றலாம். நேர்காணலைப் பேசிய வட்டார வழக்கிலேயே எழுத்துப்பெயர்த்தல் வேண்டும். எழுத்துவழக்காகத் திருத்துதல் கூடாது. முதல்நிலைக் குறியீடுகளைத் தமிழிலேயே இட்டு, ஒப்பீட்டுக் கட்டத்தில் மட்டும் ஆங்கிலத்திற்குச் செல்லுதல் வேண்டும். திறவுகோலாகும் சொற்களை மொழிபெயர்க்காமல் வைத்து விளக்கம் தருதல் வேண்டும்.

பிறமொழிகளோடு ஒப்பிடுகையில் வடிவத்தைத் தேடாமல் பயனைத் தேடுதல் தகும். தெலுங்கில் ‘மனமு’, ‘மேமு’ என்னும் இணை தமிழின் இணையை ஒத்தது. இந்தியில் அவ்வேறுபாடு இல்லை. ஆனால் முன்னிலையில் மூன்று மதிப்பு நிலைகள் உண்டு. எல்லையிடுதலும் மதிப்பிழப்பும் அந்தந்த மொழியில் எவ்வழியாக வெளிப்படுகின்றன எனக் கேட்பதே ஒப்பீட்டுக்குரிய வினா.

எதனை இழப்பது பேரிழப்பு என்பதும் பண்பாட்டிற்குப் பண்பாடு மாறும். ஒரு சமூகத்தில் மிக முதன்மையாகக் கருதப்படுவதைக் களங்கம் தாக்குகிறது என லாரன்ஸ் யாங், ஆர்தர் கிளைன்மன் முதலியோர் 2007இல் விளக்கினர். சென்னையில் மனச்சிதைவு நோயாளரின் குடும்பத்தாரிடையே தாரா, சீனிவாசன் ஆகியோர் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில் திருமணம், அயலார் புறக்கணிப்பு குறித்த அச்சம், நோயை மறைக்கவேண்டிய தேவை ஆகியன முன்னின்றன. களங்கம் தனியொருவரோடு நில்லாது குடும்பத்தின் பெயரைச் சார்வதை இது காட்டுகிறது.

8. களத்தில் அறம்

களங்கத்தை ஆராயும் செயலே களங்கத்தை உண்டாக்கக்கூடும். நலத்துறை வாகனம் ஒரு வீட்டின் முன் நிற்பதும், நோயின் பெயர் அச்சிட்ட ஒப்புதல் படிவம் வீட்டில் கிடப்பதும், அதே ஊரைச் சேர்ந்தவரை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்வதும் மறைத்து வாழ்பவரை வெளிப்படுத்திவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதல்கள் அந்தரங்கத்தையும் தகவல் மறைகாப்பையும் வலியுறுத்துகின்றன. குடும்பத்தார் உடனிருக்கையில் நேரும் மௌனத்தையும், ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்னும் விடையையும் களங்கமின்மையாகக் கொள்ளாது, பேச இயலாமையாகவும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆய்வாளர் தாம் பயன்படுத்தும் சுட்டுச்சொற்களிலும் கருத்தாக இருத்தல் வேண்டும். வினவுபவரே ‘குஷ்டரோகி’ எனத் தொடங்கினால், விடை அச்சொல்லின் வழியே அமையும்.

9. முடிவுரை

நோய்சார் களங்கம் குறித்த பண்பாட்டிடை ஆய்வுகளில் தமிழ் நேர்காணல்கள் ஆங்கிலத்திற்குச் செல்லும் வழியில் தம் சான்றுகளுள் ஒரு பகுதியை இழக்கின்றன. தொடரமைப்பு, தன்மைப் பன்மை, மதிப்புச் சுட்டு, தன்வினை, பிறவினை ஆகியவற்றைத் தரவாகக் கொண்டால் அவ்விழப்பைக் குறைக்கலாம். இவை முடிந்த முடிபுகளைத் தருவன அல்ல. அடுத்து எதனைக் கேட்கவேண்டும் என்பதைக் காட்டுவன. நலவாழ்வு ஆய்வுக் குழுக்களில் தமிழ்த்துறையினர் வினாநிரலைப் பெயர்த்துத் தருபவராக மட்டும் இடம்பெறுவது இன்றைய வழக்கம். எழுத்துப்பெயர்ப்பு, குறியீடு, பகுப்பாய்வு ஆகிய நிலைகளிலும் அவர்கள் பங்குகொள்வார்களாயின், ஒதுங்கியவரையும் ஒதுக்கப்பட்டவரையும் ஆய்வறிக்கை வேறுபடுத்திக் காட்டும். அவரவர்க்கு உரிய உதவியும் அவரவரைச் சென்றடையும்.